காற்றும் கம்பளமும்

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பில் ஓடியது 6 வோல்ட் மின்சாரம். அதன் டைனமோ 40 ஆம்பியர் வரை கொடுக்கும். பெருக்கிப் பார்த்தால் 240 வாட். ஹெட்லைட், ஹாரன், பேட்டரிக்குச் சார்ஜ், எஞ்சினுக்குத் தீப்பொறி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இன்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பொருத்துகிற இரட்டை சிலிண்டர் ஏர் கம்ப்ரசர் ஒன்று மட்டுமே 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. அதாவது சுமார் 600 வாட். அன்றைய ஜீப்புகள் இரண்டின் டைனமோவைச் சேர்த்தாலும் இன்றைய கம்ப்ரசர் ஒன்றை ஓட்டியிருக்க முடியாது.

இத்தனைக்கும் எஞ்சின் பெரிதாகவில்லை. வில்லிஸின் பெட்ரோல் எஞ்சின் 2,199 சிசி, 60 குதிரைத்திறன். 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் டீசல் எஞ்சின் 2,184 சிசி. சுமார் 130 குதிரைத்திறன். வில்லிஸின் எடை சுமார் 1,100 கிலோ. தாரின் எடை ஒன்றேமுக்கால் டன்னை ஒட்டி நிற்கிறது. அந்தக் கூடுதல் எடையில் ஒரு பகுதி பாதுகாப்புக்கு, ஒரு பகுதி வசதிக்கு. வசதியின் பங்கில் இப்போது வண்டிக்காரர்கள் தாங்களாகவே இரண்டைச் சேர்க்கிறார்கள்: பானெட்டுக்குள் ஒரு கம்ப்ரசர், காலடியில் ஒரு கார்ப்பெட்.

பழைய ஜீப்பிலும் காற்றுக்கு ஒரு வழி இருந்தது. பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு கைப்பம்பை மாட்டித்தான் அனுப்பினார்கள். அதே போரில் ஓடிய ‘டக்’ என்ற நீர்நில லாரியில் அதைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே டயரின் காற்றைக் குறைக்கலாம், கூட்டலாம். கடலில் இருந்து மணலில் ஏறும்போது குறைத்துக்கொண்டு, கெட்டித் தரைக்கு வந்ததும் ஏற்றிக்கொள்வார்கள். தன் காற்றைத் தானே சுமந்து செல்லும் வண்டி என்ற யோசனைக்கு எண்பது வயது ஆகிறது. சாதாரண மனிதரின் ஜீப்புக்கு அது வந்து சேரத்தான் இவ்வளவு நாள் பிடித்தது.

நம் பக்கம் ஜீப் என்றால் மஹிந்திராதான். 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. தாசில்தார், போலீஸ், வனத்துறை, எஸ்டேட் என்று ஜீப் மலையேறியது. போடி, கம்பம், தேவாரம் ஊர்களில் இருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் இன்றும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குப் போகும் கற்பாதையில் இப்போதும் ஜீப்தான் ஏறுகிறது.

அந்த ஜீப்புகளுக்கு வெகுகாலம் 6.00–16 டயர்தான். ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம், உள்ளே டியூப். நைலான் டயர் என்பார்கள். பஞ்சரானால் ஸ்டெப்னி. ஸ்டெப்னியும் போய்விட்டால் சக்கரத்தைக் கழற்றி, எதிரே வரும் பஸ்ஸிலோ லாரியிலோ போட்டுக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். அங்கே லிவர் போட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழ் வரும் இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டி, திரும்ப மாட்டித் தருவதற்குள் இரண்டு டீ குடித்து முடித்துவிடலாம். இன்று டியூப்லெஸ் ரேடியல் டயர். ஆணியைப் பிடுங்கி, துளையில் ரப்பர் திரியைக் குத்திச் செருகி, வண்டியிலேயே இருக்கும் கம்ப்ரசரில் காற்றை ஏற்றினால் வேலை முடிந்தது. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்.

காற்று போதுமா என்று அன்று பெரும்பாலும் கேஜ் வைத்துப் பார்த்ததில்லை. கிளீனர் கையில் இருக்கும் லிவரால் டயரில் ஒரு தட்டு. ‘டங்’ என்று திருப்பி அடித்தால் சரி. ‘பொத்’தென்று விழுந்தால் அடுத்த ஊரில் நிறுத்த வேண்டும். லாரிக் கிளீனர்கள் வரிசையாக ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டு போவதை இரவு நேரத்து நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைகளில் இன்னும் பார்க்கலாம். பல கார்களில் இப்போது நான்கு சக்கரங்களின் அழுத்தமும் டேஷ்போர்டில் எண்களாக நிற்கின்றன. எண் துல்லியமானது, சந்தேகமில்லை. ஆனால் தட்டிப் பார்த்தவர், தட்டும் சாக்கில் டயரின் ஓரத்து வெடிப்பையும், பள்ளங்களில் சிக்கிய கல்லையும், தளர்ந்த நட்டையும் பார்த்தார்.

காற்று அன்று அடுத்தவரிடம் கேட்டு வாங்குவது. 1960-இல் கோவையில் தொடங்கிய எல்ஜியின் கம்ப்ரசரும், அதன் மேல் சுற்றிவைத்த நீண்ட ஹோஸும் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் பஞ்சர் கடைகளுக்கும் அடையாளமாகவே ஆகிவிட்டன. கடை இல்லாத இடத்தில் லாரி. ஏர் பிரேக் உள்ள லாரியில் பிரேக்குக்காகக் காற்றுத் தொட்டி இருக்கும். அதில் இருந்து ஹோஸ் இழுத்துத் தன் டயருக்கு ஏற்றிக்கொள்ளும் லாரிக்காரர், கேட்டால் ஜீப்புக்கும் ஏற்றித் தருவார். பெட்ரோல் எஞ்சின் ஜீப் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு கருவியும் கிடைத்தது: ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் திருகும் பம்ப். மீதி சிலிண்டர்களில் எஞ்சின் ஓட, அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டன் காற்றை அடிக்கும். டீசல் எஞ்சின் பரவியதும் அந்த வழி அடைபட்டது.

பஞ்சருக்கு மட்டும்தான் காற்று என்றால் கம்ப்ரசரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. அதன் உண்மையான பயன், காற்றைத் துணிந்து இறக்க முடிவதில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றேமுக்கால் டன் வண்டியில் சக்கரத்துக்குச் சுமார் 440 கிலோ, ஏறத்தாழ 960 பவுண்டு. டயரில் 32 பவுண்டு அழுத்தம் இருந்தால், ஏட்டுக் கணக்கின்படி அது தரையைத் தொடும் பரப்பு 30 சதுர அங்குலம். அழுத்தத்தை 16 பவுண்டுக்கு இறக்கினால் 60. டயர்ச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடை தாங்குவதால் நடைமுறையில் சற்று மாறும். ஆனாலும் பாதம் நீண்டு படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மணலில் புதையும் வண்டி மணல் மேல் ஏறி நடக்கும். கல் பாதையில் டயர் கல்லைக் கவ்வும். உள்ளே இருப்பவரின் இடுப்புக்கும் பாதி உலுக்கல் மிச்சம்.

இது அன்றைய ஓட்டுநர்களுக்கும் தெரியும். வால்வில் ஒரு குச்சியை வைத்து அமுக்கினால் காற்று இறங்கிவிடும். திரும்ப ஏற்றத்தான் வழி கிடையாது. இறக்கிய காற்றோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கிழியும். அதோடு, டியூப் டயரில் காற்று மிகக் குறைந்தால் ரிம்மின் மேல் டயர் வழுக்கிச் சுழன்று, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். அதனால் பலரும் காற்றை முழுதாக வைத்துக்கொண்டே மணலில் இறங்கினார்கள். சிக்கினார்கள். சாக்கு போட்டார்கள், பலகை போட்டார்கள், வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுத் தள்ளினார்கள். கால் பம்பை மிதித்து நான்கு சக்கரத்துக்கும் காற்றேற்றியவர்கள் இல்லாமலில்லை. அவர்களுடைய அன்றைய தினம் அதிலேயே போயிருக்கும். இன்றைய வண்டியில் சக்கரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம்.

ஒரு தாரில் கம்ப்ரசர் பொருத்துவதும் கார்ப்பெட் விரிப்பதும் ஒரே மூச்சில் நடந்ததைப் பட்டறையில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்ரசரின் ஒயர்கள் டேஷ்போர்டு வரை போக வேண்டும். காற்றுக் குழாய் பின்பக்கம் வரை போக வேண்டும் என்றால் அதுவும் தரை ஓரமாகத்தான் போகும். கார்ப்பெட்டை விரித்துவிட்டு ஒயர் இழுத்தால் இரண்டு வேலையும் கெடும்.

முதலில் இருக்கைகள் இறங்கின. நான்கு போல்ட், அடியில் ஒயர் கப்ளர், பெல்ட்டின் கீழ் நங்கூரம். பிறகு கம்ப்ரசருக்கு இடம் பார்த்தார்கள். பானெட்டுக்குள் வைத்தால் பேட்டரி பக்கம், ஒயர் குட்டை; ஆனால் எஞ்சின் சூடு. இருக்கைக்கு அடியில் வைத்தால் சூடும் தூசியும் குறைவு. ஆனால் ஓடும்போது சத்தம் காதுக்குப் பக்கத்தில். கடைசியில் பானெட்டுக்குள், எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம், கூடிய மட்டும் உயரத்தில் ஒரு பிராக்கெட் அடித்து வைத்தார்கள். உயரம் எதற்கு என்றால், ஓடையில் இறங்கும்போது கம்ப்ரசர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பேட்டரி முனையில் இருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ். அந்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள நீளத்துக்குக் காவல் கிடையாது. பிறகு ரிலே, டேஷ்போர்டில் சுவிட்ச், சுவர்த் தகட்டைத் துளைத்து ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம். கம்ப்ரசரை விட்டு வெளியேறும் காற்று கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் என்பதால், முதல் நீளத்துக்குக் கம்பிப் பின்னல் போட்ட குழாய். மரைகளில் டெஃப்லான் டேப். சோப்பு நுரையைத் தடவிக் கசிவு பார்த்தார்கள். பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியின் வேலையை இங்கே சோப்பு நுரை செய்தது. அழுத்தம் 150 பவுண்டு அளவுக்கு ஏறியதும் மோட்டார் தானாக நின்றது.

பிறகு தரை.

பழைய ஜீப்பின் தரை வெறும் தகடு. விறைப்புக்கு மடிப்பு மடிப்பாக அழுத்தி, பெயிண்ட் அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை வைத்திருப்பார்கள். மேலே படுதா, பக்கத்தில் கதவு இருந்தால் அதுவும் படுதா. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும், ஓட்டை வழியாக வெளியே போகும். எஸ்டேட் சேறு, ஏலக்காய் மூட்டையின் தூசு, ஆட்டுப் புழுக்கை எதுவானாலும் ஒரு வாளித் தண்ணீர் போதும். போட்டால் ஒரு தேங்காய் நார் மிதியடி, இல்லையென்றால் வெட்டிப் போட்ட ரப்பர் ஷீட். கியர்பாக்ஸ் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டும். மலை இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு நாள்தோறும் போய் வந்த தோட்டத் தொழிலாளிகளின் உடம்பு பட்ட பாட்டை மறந்துவிட்டு வெறுந்தரையின் பெருமையைப் பேசுவது நியாயமில்லை.

இன்றைய தரைக்குப் பல அடுக்கு. தகட்டின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட். தகடு அதிராமல் அது பிடித்துக்கொள்கிறது. அதன் மேல் சத்தத்தையும் சூட்டையும் வாங்கிக்கொள்ள ஃபெல்ட். அதற்கு மேல் கார்ப்பெட். கியர்பாக்ஸ் மேட்டின் மேல் சுருக்கம் விழாமல் படிய, சூடுகாற்றுத் துப்பாக்கியால் இளக்கி அழுத்துகிறார்கள். இருக்கை போல்ட் வரும் இடங்களை அடியில் தடவிக் கண்டு ஓட்டை போடுகிறார்கள். இருக்கைகளை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கதவைச் சாத்தியபோது உண்டான அமைதி உண்மையிலேயே பெரிய வித்தியாசம். வண்டிக்காரரின் தாயார் அதற்குப் பிறகு பின் இருக்கையில் இருந்தபடியே மகனிடம் சாதாரணக் குரலில் பேச முடிகிறது என்றார். கார்ப்பெட்டுக்குச் சாதகமாக இதைவிட நல்ல வாதம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 தாரின் தரையைத் தொழிற்சாலையிலேயே தண்ணீர் விட்டுக் கழுவும்படி செய்து, வடிவதற்கு அடைப்பான்களும் வைத்து அனுப்புகிறார்கள். எண்பது ஆண்டுகளாக ஜீப் பாதுகாத்து வந்த ஒரு குணம் அது. அதன் மேல் ஃபெல்ட்டையும் கார்ப்பெட்டையும் விரிக்கும்போது அந்த அடைப்பான்கள் கண்ணுக்கு மறைகின்றன. தண்ணீர் உள்ளே வருவது மட்டும் நிற்பதில்லை. கதவு ரப்பர் கிழியும். முன் கண்ணாடி ஓரத்தில் கசியும். ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால், முன் இருக்கைக்காரரின் காலடியில் ஃபெல்ட் ஊறும். பழைய ஜீப்பில் ஏசியும் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை. ஊறிய ஃபெல்ட் தகட்டோடு ஒட்டிக் கிடந்து, மேலே தூசு தட்டிய சுத்தமான விரிப்பும் கீழே துருவுமாக வண்டி ஓடிக்கொண்டிருக்கும். வெறுந்தரை ஜீப்பும் துருப்பிடித்தது, அதிலும் மோசமாகவே பிடித்தது. ஆனால் அந்தத் துரு கண்ணில் பட்டது. சொரிந்தால் உதிர்ந்தது. டிங்கரிடம் போய்த் தகட்டை வெட்டி ஒட்டுப் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து ஓட்டினார்கள்.

பட்டறையில் மூத்த டிங்கர் ஒருவர், கார்ப்பெட் நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் சொன்னது சரியான வரிசை: “மொதல்ல தரையப் பாருங்க தம்பி, அப்புறம் விரிப்பப் பாக்கலாம்.” அவர் பார்த்த பிறகு இரண்டு இடங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, ஒரு நாள் காயவிட்டார்கள். அந்த வண்டி கடற்கரை மணலில் அடிக்கடி ஓடியது.

மணல் என்றதும் தனுஷ்கோடி நினைவுக்கு வருகிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல், முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் ஜீப்பும் வேனும் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் ஓடின. அப்படி ஒன்றில் நானும் போயிருக்கிறேன். தரைத் தகட்டில் ஈர மணல், விளிம்பெல்லாம் உப்பு தின்ற ஓட்டைகள். ஒரு ஓட்டை வழியாகக் கீழே ஓடும் தண்ணீர் தெரிந்தது. மணலைப் படித்து ஓட்டும் ஓட்டுநரை நம்பி ஆட்கள் ஏறினார்கள். அவரிடம் கம்ப்ரசர் கிடையாது. 2017-இல் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை திறந்தது. இப்போது சின்னக் காரிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். கம்ப்ரசர் பொருத்திய தாரும் அந்தத் தாரிலேதான் போய்த் திரும்புகிறது. புயலுக்குத் தப்பிய அந்தக் கரையில் இருக்கும் மக்களுக்கு ஒரு பிரசவத்துக்கோ, பள்ளிக்கோ, மீன் வண்டிக்கோ சாலை வந்தது வரம்; அதில் இரண்டாவது பேச்சு இல்லை. மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களின் கைத்திறனுக்கு வேலை இல்லாமல் போனதும் அதே சாலையால்தான்.

கம்ப்ரசர் முழு லாபம் என்பதே என் முடிவு. காட்டுக்குள், கடற்கரையில், நடு இரவில், பக்கத்தில் எவரும் இல்லாத இடத்தில் அது உயிர் காக்கும் கருவி. அதனால் போனது பஞ்சர் கடைத் திண்ணையும் லாரிக்காரரின் ஹோஸும் தந்த பழக்கம். அது பெரிய இழப்புதான் என்றாலும், அந்தப் பழக்கத்துக்காக ஒருவர் இருட்டில் நிற்க வேண்டும் என்று கேட்க முடியாது. கார்ப்பெட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் குடும்பத்தோடு ஓடும் வண்டிக்கு அது தகும். சேற்றிலும் ஓடையிலும் இறங்குகிற வண்டிக்குக் கழுவும் தரையே மேல். கால் சூடு பொறுக்கவில்லை என்றால், தூக்கி எடுத்து உதறக்கூடிய ரப்பர் மேட் போதும்.

விரித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் வடிகால் அடைப்பான்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றுக்கு நேரே கார்ப்பெட்டைத் திறந்து மூடும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒயர், காற்றுக் குழாய் எல்லாம் போன பிறகே ஃபெல்ட்டை ஒட்டவிடுங்கள். மணலில் காற்றை இறக்கினால், தார் ஏறும் இடத்திலேயே நிறுத்தி ஏற்றிவிட்டுப் போங்கள், அதற்குத்தானே கம்ப்ரசர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றே கழற்றி வெயிலில் போடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகு திரும்ப விரிக்கலாம்.